தில்லி உயிரியல் பூங்காவில் இனிப் புதிய யானை வேண்டாம். இருப்பவற்றின் காலடித் தரையை உடனே மாற்றுங்கள்

அனுப்புநர்:
ஆர்.கே. புரம், மயூர் விஹார், கரோல் பாக் பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் கால்நடை மருத்துவர்கள், யானைப் பராமரிப்பு அறிந்தவர்கள், புது தில்லி.

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், புது தில்லி.

பொருள்: மதுரா சாலை தேசிய உயிரியல் பூங்காவுக்குப் புதிய யானை கொண்டுவருவதைக் கைவிடவும், தற்போதுள்ள ஆசிய யானைகளின் தரை, தீவனம், இடமாற்றம் குறித்து நடவடிக்கை எடுக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஜிம்பாப்வே அன்பளிப்பாக அனுப்பிய சங்கர் என்ற ஆப்பிரிக்க ஆண் யானை 1998-இல் தில்லிக்கு வந்தது. கூட வந்த பெண் யானை 2001-இல் இறந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சங்கருக்குத் தன் இனத்துத் துணை ஒன்றுகூடக் கிடையாது. சங்கரை வைத்திருந்த நிலை காரணமாக 2024 அக்டோபரில் உலக உயிரியல் பூங்காக்கள் சங்கம் இந்தப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பர் 17 அன்று சங்கர் இறந்தது, வயது 29. ஆப்பிரிக்க யானை அறுபது வயது வரை வாழக்கூடியது.

காலியான அந்தக் கொட்டகைக்கு இன்னொரு யானை வரக் கூடாது என்பதே எங்கள் முதல் கோரிக்கை. இது புதிய யோசனையும் அல்ல. உயிரியல் பூங்காக்களில் யானைகளைக் காட்சிக்கு வைக்க வேண்டாம், அவற்றை யானை முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் அனுப்புங்கள் என்று 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டது தங்கள் ஆணையமே. அந்த ஆணையைத் தலைநகரிலேயே நிறைவேற்றிக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இடம் போதாது என்று பொதுவாகச் சொன்னால் கோப்பு நகராது. எனவே கெடுவது எங்கே, ஏன் என்பதை விளக்க விரும்புகிறோம். முதலில் கெடுவது பாதம். யானையின் உள்ளங்கால் தோலும் நகமும் ஓயாமல் வளர்பவை. காட்டில் நாள் முழுக்க மண்ணிலும் கல்லிலும் நடப்பதால் வளர்ந்த அளவுக்குத் தேய்ந்துவிடும். சிமென்ட் தரையில் ஒரே இடத்தில் நிற்கும் யானைக்கு அது தேயாமல் தடித்து வெடிக்கிறது. வெடிப்பில் மூத்திரமும் லத்தியும் புகுந்து சீழ் கட்டுகிறது. உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள் தாங்குவதால் புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் விரல் எலும்பு வரை போகும். எலும்பில் ஏறிய சீழைக் குணமாக்குவது மிகக் கடினம். சிறைப்பட்ட யானைகள் பல இப்படிப் பாத நோயாலும் மூட்டு வாதத்தாலும்தான் முடிகின்றன. தில்லியில் மே மாதம் சிமென்ட் கொதிக்கிறது, ஜனவரி இரவில் உறைகிறது. இரண்டும் அதே பாதத்துக்குத்தான்.

ஆகவே இருக்கிற யானைகளுக்கு முதல் வேலை தரை. ஒரு எச்சரிக்கை: சிமென்டின் மேலேயே மணலைக் கொட்டிவிட்டால் மூத்திரம் அடியில் தேங்கி, அம்மோனியா கிளம்பி, பாதம் முன்னைவிட மோசமாகும். சிமென்டைப் பெயர்த்தெடுத்து, அடியில் ஓர் அடி உயரத்துக்கு ஜல்லியும் துளைக் குழாயும் போட்டு, அதன்மேல் வடிகட்டித் துணி விரித்து, பிறகே கழுவிய பருமணலை 60 செ.மீ. ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். 200 சதுர மீட்டர் கொட்டகைக்கு 120 கன மீட்டர் மணல் பிடிக்கும். பன்னிரண்டு டிப்பர் லாரி. ஒரு பூங்காவால் தாங்க முடியாத செலவல்ல இது. லத்தியை நாள்தோறும் அள்ளி, நனைந்த மணலை அன்றன்றே மாற்ற வேண்டும். குளிப்பாட்டவும் பாதம் பார்க்கவும் ஒரு மூலையில் மட்டும் சிமென்ட் மேடை இருந்தால் போதும்.

மணலை ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் சரிவாகக் குவித்து வைக்க வேண்டும். மூட்டு வலியுள்ள கிழ யானை, படுத்தால் எழ முடியாது என்று பயந்து படுக்காமலே இருக்கும். சரிவில் சாய்ந்தாவது உறங்கும். காலையில் பாகன் யானையின் இரண்டு விலாவையும் பார்த்து, மணல் ஒட்டியிருக்கிறதா என்று பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். சில நாள் தொடர்ந்து ஒட்டவில்லை என்றால் யானை படுக்கவே இல்லை என்று பொருள், மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனை.

பாதத்தை நாள்தோறும் கழுவித் துடைத்துப் பார்ப்பது, வெதுவெதுப்பான மருந்து நீரில் கால் மணி நேரம் ஊறவைப்பது, தடித்த தோலைச் சிறிது சிறிதாகச் சீவுவது எல்லாம் பாகனின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஒரே தடவையில் ஆழமாகச் சீவி ரத்தம் வரவைத்தால் யானை அடுத்த முறை காலை நீட்டாது. ஒப்பந்த ஊழியர்களை அடிக்கடி மாற்றும் இடத்தில் இந்தப் பழக்கம் உருவாகவே உருவாகாது.

அடுத்தது தீவனக் கிடங்கு. பரேலி கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையில் சங்கரின் உடலில் இ.எம்.சி.வி. என்ற வைரஸ் கண்டறியப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இது இதயத் தசையைத் தாக்கும் வைரஸ். எலிகளின் எச்சமும் மூத்திரமும் பட்ட தீவனம், தண்ணீர் வழியே பரவும். நன்றாக இருந்த யானை திடீரெனச் சாயும். தானியத்தை மூடியுள்ள தகரப் பீப்பாயிலும், தழையைத் தரையிலிருந்து ஓர் அடி உயர மேடையில் சுவரை ஒட்டாமலும் வைக்க வேண்டும். மீந்த தீவனத்தை இருட்டுமுன் அப்புறப்படுத்த வேண்டும். எலி விஷம் கூடவே கூடாது, பொறிதான் வைக்க வேண்டும். விஷம் தின்ற எலி தீவனக் குவியலுக்குள் போய்ச் செத்துக் கிடக்கும்.

வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 கிலோ பசுந்தீவனம் வேண்டும். காட்டில் அதைத் தேடித் தின்பதிலேயே 16 மணி நேரம் போகிறது. இங்கே ஒரே குவியலாகப் போட்டால் சில மணி நேரத்தில் தின்றுவிட்டு மீதிப் பொழுதெல்லாம் நின்று ஆடுகிறது. ஆல், அரசு, அத்திக் கிளைகளைப் பிரித்து, தும்பிக்கையைத் தூக்கிப் பறிக்கும் உயரத்தில் ஆறேழு வேளையாகக் கட்டலாம். குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் பெர்சீம் என்ற பசுந்தீவனப் பயிரை மட்டும் கொடுத்தால் வயிறு உப்பும். வைக்கோல் கலந்தே தர வேண்டும்.

"நகரத்துக் குழந்தைகள் யானையை எங்கே பார்ப்பார்கள்?" என்ற கேள்வியை நாங்கள் ஒதுக்கவில்லை. ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும் யானையைப் பார்த்து, "டான்ஸ் ஆடுது பார்" என்று பெற்றோர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது துயரத்தின் அறிகுறி. அதையே யானையின் இயல்பு என்று பிள்ளைகள் மனதில் பதிய வைப்பது கல்வி ஆகாது. தில்லிக் குடும்பங்கள் வழக்கமாகப் போகும் ஹரித்வாரை ஒட்டியே ராஜாஜி காடு இருக்கிறது, அங்கே யானைகள் கூட்டமாகவே வாழ்கின்றன. இனப்பெருக்கம் என்ற வாதமும் நிற்காது. 2025-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டுக் காடுகளில் 22,446 யானைகள் உள்ளன. அவற்றுக்கு இன்று தேவை காடுகளை இணைக்கும் வழித்தடம். பூங்காவில் பிறக்கும் கன்றுகளால் அதை ஈடுசெய்ய முடியாது.

இடமாற்றத்தில் அவசரமும் ஆபத்து. மதுராவிலும் ஹரியானாவின் யமுனாநகரிலும் யானைப் பராமரிப்பு மையங்கள் உள்ளன, தொலைவு பெரிதல்ல. எந்த மையமானாலும் நிலத்தையும் தண்ணீரையும் தங்கள் நிபுணர்கள் நேரில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். புறப்படுமுன் வெவ்வேறு மூன்று நாட்களில் தும்பிக்கை கழுவிய நீரெடுத்துக் காசநோய்ப் பரிசோதனையும், பாத எக்ஸ்ரேயும் வேண்டும். காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கு வரக்கூடும் என்பதால் பாகன்களுக்கும் பரிசோதனை தேவை. லாரியைச் சில வாரம் முன்பே கொட்டகை வாசலில் நிறுத்தி, உள்ளே தழை வைத்து, யானை தானாக ஏறி இறங்கப் பழக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ஏற்றக் கூடாது. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் நெடுஞ்சாலை ஆபத்தானது. நவம்பரோ பிப்ரவரிப் பிற்பகுதியோ ஏற்றது. பழகிய யானைகளைப் பிரிக்காமல் ஒன்றாகவே அனுப்பி, பாகனையும் அரசுச் சம்பளத்தோடு உடன் அனுப்ப வேண்டும். பயணம் தாங்காது என்று மருத்துவர் எழுதித் தரும் முதிய யானையை, மேலே சொன்ன தரையும் துணையும் அமைத்துக் கொடுத்து இங்கேயே வைத்துக் காப்பதுதான் நியாயம்.

புதிய யானை வராது என்ற எழுத்துப்பூர்வ ஆணையையும், தரை மாற்றும் பணி தொடங்கும் தேதியையும், யானைகளின் தற்போதைய பாத மருத்துவ அறிக்கையின் நகலையும் 60 நாட்களுக்குள் எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இம்மனுவின் இந்திப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)
இடம்: புது தில்லி