வண்ணத்தைக் கலக்கலாம், துணியைக் கலக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவத்துக்கொன்றாக வரும் டிசைனர் உடைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த பக்கங்களைப் பார்த்தோம். கட்டத்தோடு புள்ளி, பூவோடு கோடு, ஒரு கை ஒரு நிறம் மறு கை வேறு நிறம் என்று படங்கள் அத்தனையும் அழகு. அதைக் காட்டி ‘இதே மாதிரி வேணும்’ என்று கேட்பவர்கள் கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் உண்டு. ஆனால் எந்தத் துணியோடு எந்தத் துணி சேரும் என்று ஒரு வரிகூட இல்லை. உடை கெடுவது அங்கேதான்.

1965இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், டச்சு ஓவியர் மோந்திரியானின் ஓவியங்களை உடையாக்கினார். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளைக் கட்டங்கள். நடுவே கறுப்புப் பட்டை. எல்லாமே கம்பளி ஜெர்சி என்ற பின்னல் துணி. வண்ணத்தில் விளையாடியவர் துணியில் விளையாடவில்லை. அதனால்தான் உடை நெளியாமல் நேராக விழுந்தது.

இங்கே ரேயான் பிட்டையும் காட்டன் பிட்டையும் ஒட்டித் தைத்துவிடுகிறார்கள். முதல் சலவையிலேயே ரேயான் கூடுதலாகச் சுருங்கும். தையல் நெடுக நெளிந்து காட்டன் பக்கம் உப்பி நிற்கும். இஸ்திரிக்கு அது அடங்காது. பரமக்குடி, எமனேஸ்வரம் கைத்தறிக் காட்டனிலேயே ஒரே கனத்தில் நான்கைந்து நிறம் எடுங்கள். வெட்டுமுன் ஒவ்வொன்றையும் தனித்தனி வாளியில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை துணி சுருங்கலாம், அதற்கும் சேர்த்து வாங்குங்கள். எல்லாத் துண்டிலும் பாவு, அதாவது துணியின் நீளவாட்டு நூல், மேலிருந்து கீழாக ஓடட்டும். உள்ளே அரை அங்குலமாவது விட்டுத் தையுங்கள்.

கருநீலம், அரக்கு, கறுப்பு என்றால் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்கவே வேண்டாம். கல்லுப்பில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பது தவறு. சாயம் ஏற்றும்போதுதான் உப்பு உதவும். ஏறிய சாயத்தை அது பிடித்து வைக்காது.

பாரிஸில் கோடை உடைகளைச் செப்டம்பர், அக்டோபரிலும் குளிர்கால உடைகளைப் பிப்ரவரி, மார்ச்சிலும் மேடையேற்றுவார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. ஆனி, ஆடி காற்று. அந்தக் காற்றுக்குக் குடைப்பாவாடை அடங்க வேண்டுமானால், வெட்டியதும் ஓரம் தைக்காமல் 24 மணி நேரம் தொங்கவிடுங்கள். நூலுக்குக் குறுக்குச் சாய்வாக, அதாவது கிராஸாக, வரும் இடங்கள் கீழே இறங்கும். பிறகு சுற்றிச் சமமாக வெட்டி, 2 அங்குலக் கிராஸ் பட்டியை உள்பக்கம் வைத்துத் தைத்தால் ஓரத்துக்குக் கனம் வரும். தொங்கவிடாமல் தைத்த பாவாடை ஒரு வாரத்தில் இரண்டு பக்கமும் வால் விடும்.

பொத்தானிலும் விளையாடலாம். 1938இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் எல்சா ஷியாபரெல்லி, சர்க்கஸ் தொகுப்பின் ஒரு ஜாக்கெட்டில் பொத்தான்களையே கழைக்கூத்தாடி உருவங்களாக வைத்தார். ஆனால் இந்தக் கரையில் இரும்புக் கொக்கி, இரும்புப் பிரஸ் பட்டன் எதையும் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் துருவேறி, கொக்கி இருந்த இடத்தில் காசளவு பழுப்புக் கறை விழும். பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். வெள்ளைத் துணியென்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். நிறத் துணியில் நிறமே போய்விடும். நைலான் ஜிப்பும் சிரட்டைப் பொத்தானும் போதும்.

அடுத்த பருவத்துக்கான பக்கங்களில் ஒவ்வொரு படத்தின் கீழும் துணியின் பெயர், எத்தனை மீட்டர், எப்படித் துவைப்பது என்ற மூன்றையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரர்கள் சிலர்,
கீழக்கரை.