ஒரு வட்டு வெளியிடுங்கள்: தமிழ்ப் படங்களின் உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

பழைய தமிழ்ப் படங்களின் உரிமையைக் கைவசம் வைத்திருக்கும் தயாரிப்பாளர்களுக்கும், அவர்களிடமிருந்து அவ்வுரிமையை விலைக்கு வாங்கியிருக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், வணக்கம்.

நான் மேற்கு சைதாப்பேட்டையில் வசிப்பவன். 2001 முதல் தமிழ்ப் படங்களின் விசிடி, டிவிடி, ப்ளூ-ரே வட்டுகளை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்து வருகிறேன். இன்றைய கணக்கில் 1,140 வட்டுகள் இருக்கின்றன; அவற்றில் ஒன்றுகூடத் திருட்டு வட்டு இல்லை. இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றைத்தான். உங்களிடம் இருக்கும் படங்களை முழு நீளத்தில், முழு அகலத்தில், திரையரங்கில் வெளிவந்தபோது இருந்த ஒலியுடன், வட்டாக வெளியிடுங்கள். ஆயிரக்கணக்கில் வேண்டாம், படத்துக்கு 500 பிரதிகள் போதும்.

இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் அம்மாவின் தம்பி 17 வயதில் கும்பகோணத்தில் ரயிலேறிக் கோடம்பாக்கத்துக்கு வந்தவர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் துணை நடிகராக இருந்து, 1981இல் மஞ்சள்காமாலை கண்டு இறந்துபோனார். அவர் பெயர் எந்தப் படத்தின் எழுத்திலும் வந்ததில்லை. வீட்டில் இருந்த அவருடைய ஒரே புகைப்படமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது, 1978இல் வெளிவந்த ஒரு சினிமாஸ்கோப் படத்தின் திருவிழாக் காட்சி மட்டும்தான். சாமி புறப்பாட்டில் திரையின் வலது ஓரத்தில் தீவட்டி பிடித்து நடந்து வருபவர் அவர்தான். மொத்தம் 11 விநாடிகள். ஒன்பதாவது விநாடியில் கண்ணில் புகை பட்டு முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தத் திருப்பம் அம்மாவுக்கு மனப்பாடம். அடுப்புப் புகை பட்டால் சின்ன வயதிலும் அவன் இப்படித்தான் திரும்புவான் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அம்மாவுக்கு இப்போது 86 வயது. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

அந்தப் படத்தின் டிவிடி 2004இல் வெளிவந்தது. வாங்கிய ஆண்டிலிருந்து, ஐப்பசியில் வரும் மாமாவின் நினைவு நாளில் இலை போட்டுப் படைத்த பிறகு, அந்தக் காட்சியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. 2015இல் அடையாற்று வெள்ளம் எங்கள் தரைத்தள வீட்டில் நான்கடி ஏறியபோது, அப்போது இருந்த ஏறத்தாழ 900 வட்டுகளும் சேற்றில் மூழ்கின. அட்டைகளும் உறைகளும் கூழாகிவிட்டன. ஆனால், வட்டுகளை ஒவ்வொன்றாகக் குழாய்த் தண்ணீரில் அலசி, சோப்புக் கரைசலில் கழுவி, பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒற்றி எடுத்து, அம்மாவின் பழைய புடவையை மொட்டை மாடியில் நிழலில் விரித்து அதன்மேல் காய வைத்தோம். நானும் என் மனைவியும் பதினோரு நாள் அந்த வேலையைச் செய்தோம். 30 சொச்சம் வட்டுகள் தவிர மற்ற எல்லாம் பிழைத்துக்கொண்டன. மாமாவின் வட்டும் பிழைத்தது. கையில் ஒரு பொருளாக இருந்ததால்தான் அதைக் கழுவிக் காப்பாற்ற முடிந்தது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

சென்ற ஐப்பசியில் அந்த வட்டு ஓடவில்லை. ஒரு மணி இருபது நிமிடம் வரை வந்து, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. ரிச்சி தெருவுக்கு எடுத்துச்சென்று மூன்று வெவ்வேறு கருவிகளில் போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, விளிம்பு செம்புநிறமாகி, உள்ளிருக்கும் அலுமினியப் பூச்சில் ஊசி குத்தியதுபோல் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது. பூச்சு போன பிறகு எந்தக் கருவியாலும் அதைப் படிக்க முடியாது. இன்னொரு பிரதிக்காகத் தெரிந்த சேகரிப்பாளர்கள் அனைவரையும் கேட்டுவிட்டேன், ஒருவரிடமும் இல்லை.

ஓடிடியில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தோம். 2021இல் நான் சந்தா கட்டும் ஒரு தளத்தில் அந்தப் படம் வந்தது. படம் பளிச்சென்று இருந்தது. அம்மாவும் ஆவலாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனால், 2.35க்கு 1 என்ற அகலத்தில் எடுக்கப்பட்ட சினிமாஸ்கோப் படத்தை, வீட்டுத் தொலைக்காட்சியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியக் கூடாது என்பதற்காக, 16க்கு 9 என்ற அளவுக்கு வெட்டியிருந்தார்கள். அப்படி வெட்டும்போது அகலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஓரத்தில் நின்ற மனிதர்கள்தான் போவார்கள். சாமி புறப்பாடு வந்தது. திரையின் வலது விளிம்பில் தீவட்டியின் சுடர் மட்டும் அசைந்துகொண்டு போயிற்று. அதைப் பிடித்திருந்தவர் இல்லை. "தம்பி எங்கடா?" என்று அம்மா கேட்டார். நான் திரும்ப ஓடவிட்டேன். மறுபடியும் கேட்டார்.

அடுத்த ஆண்டு அந்தச் சுடரும் இல்லை. உரிமக் காலம் முடிந்துவிட்டதால் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சந்தாவை மட்டும் நான் தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தின் உரிமையை இன்று வைத்திருப்பவர்களுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு தொலைபேசியில் ஓர் இளைஞர் பேசினார், மரியாதையாகவே பேசினார். நெகடிவ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். பிறகு, "இப்போ யார் சார் டிவிடி வாங்குறாங்க?" என்றார். நிறுவனத்தின் பெயரையும் படத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. ஒருவரைத் தனியே நிறுத்திக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஏனென்றால், இந்தக் கேள்வியை உங்களில் பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்கிறேன். நாங்கள் வாங்கினோம். இப்போதும் வாங்குவோம்.

திருட்டு விசிடியை வாங்காதீர்கள் என்று நீங்கள் மேடைதோறும் எங்களைக் கேட்டுக்கொண்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோ தயாரிப்பவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. பர்மா பஜாரில் ஒரே வட்டில் நான்கு படங்களை அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்றபோதும், நாங்கள் கடை கடையாக ஏறி அசல் வட்டைத்தான் கேட்டு வாங்கினோம். பிறகு மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, மளிகைக் கடையில்கூட அசல் வட்டு கிடைத்தது. மாதச் சம்பளக்காரர்கள் வீட்டிலும் ஒரு சிறு படநூலகம் உருவாயிற்று. உங்கள் சொல்லைக் கேட்டு நேர்மையாக நடந்துகொண்டவர்கள் நாங்கள். இன்று அசலைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று வந்தால், வாங்குவதற்கு அசலே இல்லை. எங்கோ யாரோ தொலைக்காட்சியிலிருந்து பிடித்து, மூலையில் சின்னத்தோடு, பாட்டுகளை வெட்டி இணையத்தில் ஏற்றிவைத்த பிரதிதான் பல படங்களுக்கு இன்று கிடைக்கும் ஒரே பிரதி. அந்தப் பிரதியை நோக்கி எங்களைத் தள்ளுவது யார் என்பதைத் தாங்கள் சிந்திக்க வேண்டும்.

நானும் ஓடிடியின் விரோதி இல்லை. புதுப் படங்களை அதில்தான் பார்க்கிறேன். ஆனால், வாடகைக்கு இருப்பதும் சொந்தமாக வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பது சென்னைவாசி எவருக்கும் விளக்க வேண்டிய செய்தியன்று.

தமிழ் சினிமா ஏற்கெனவே இழந்திருப்பதை எண்ணிப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நடராஜ முதலியார் மில்லர்ஸ் சாலையில் எடுத்த 'கீசகவதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். இன்று அதன் பிரதி ஏதும் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று இதே ஊரில், கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியாயிற்று, அதுவும் இல்லை. அவை தொலைந்தபோது இதெல்லாம் பின்னால் வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல முடியுமா? அசிடேட் பிலிம் சென்னையின் வெக்கையிலும் ஈரத்திலும் சுருங்கி வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும் என்பதும், ஈஸ்ட்மென் கலர் பிரிண்ட் வெளுத்து ரோஜா நிறமாகிவிடும் என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த ஊரில் அச்சாகும் நூலின் பிரதி, 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். அந்தச் சட்டத்தில் திரைப்படத்துக்கு இடமில்லை. எத்தனையோ அரசுகள் வந்தன. சினிமாவிலிருந்தே முதலமைச்சர்கள் வந்தார்கள். ஆனால் தமிழ்ப் படங்களுக்கென்று ஒரு முழுமையான காப்பகம் சென்னையில் இன்றுவரை எழவில்லை. இது உங்களிடம் சொல்ல வேண்டிய புகார் அல்ல என்பதை அறிவேன், மன்னிக்கவும். ஆனால், காப்பகம் இல்லாத ஊரில் உங்கள் அலமாரியும் எங்கள் அலமாரியும்தான் காப்பகம்.

அது வெறும் பேச்சன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர் சேர்த்த நூல்களும், சினிமாப் பாட்டுப் புத்தகங்களும், நோட்டீசுகளும்தான் இன்று தரமணியில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. பிலிம் நியூஸ் ஆனந்தன் தம் வீட்டில் சேர்த்துவைத்த புகைப்படங்களும் தகவல்களும் இல்லாமல் தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுத முடிந்திருக்காது. நீங்கள் 500 பேர் கையில் ஒரு படத்தைக் கொடுத்தால், வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் ஏதோ ஒரு வீட்டில் அது மிஞ்சும். ஒரே ஒரு சர்வரில் இருக்கும் படம், யாரோ ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறந்தால் காணாமல் போய்விடும்.

நெகடிவ் கெட்டுவிட்டது என்ற பதிலையும் இறுதிப் பதிலாகச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் சத்யஜித் ராயின் முதல் படங்களின் நெகடிவ்கள் கருகின. கருகியதை ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமியின் காப்பகம் எறிந்துவிடாமல் வைத்திருந்தது. பிறகு இத்தாலியின் பொலோன்யாவில் அந்த பிலிம் சுருள்களை ஈரமூட்டி, நிமிர்த்தி, ஒட்டி, இல்லாத பகுதிகளை மற்றப் பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015இல் அந்தப் படங்கள் மீண்டும் திரைக்கு வந்தன. ப்ளூ-ரே வட்டாகவும் வந்தன. உங்கள் படங்கள் கருகவில்லை. பல படங்கள் ஏதோ ஒரு கிடங்கில், எந்தப் பெட்டியில் என்ற பட்டியல்கூட இல்லாமல், காத்துக்கொண்டிருக்கின்றன.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை அதன் உரிமை உங்களுடையது. மாமா வரும் படத்தின் உரிமை 2038 இறுதியில் முடியும். அதன் பிறகு அது எல்லோருக்கும் சொந்தம். அன்றைக்குக் கொடுப்பதற்கு உங்களிடம் ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். என் அம்மாவால் 2038 வரை காத்திருக்க இயலாது.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: ஒரு வட்டு வெளியிடுங்கள். முன்பதிவு வைத்து, 500 பேர் பணம் கட்டிய பிறகே தயாரியுங்கள். உங்களுக்கு ஒரு ரூபாயும் நட்டம் வேண்டாம். 1,500 ரூபாய் என்று விலை வைத்தாலும் முதல் ஆளாக நான் கட்டுவேன். ஓரத்தை வெட்டாதீர்கள். படத்தின்மேல் உங்கள் சின்னத்தைப் பொறிக்காதீர்கள். மோனோ என்ற ஒற்றைத் தட ஒலியில் வந்த படத்துக்குப் புதிதாகச் சத்தம் சேர்க்க விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஒலியையும் பக்கத்தில் வையுங்கள். காது மங்கிய முதியவர்களுக்காகத் தமிழிலேயே சப்டைட்டில் கொடுங்கள். நம் படங்களின் வட்டுகளில் ஆங்கிலம் இருக்கும், தமிழ் இருக்காது. வட்டு வெளியிடவே முடியாது என்றால், நெகடிவைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்திடமாவது ஒப்படையுங்கள்.

அந்த நிறுவனத்துக்கு நான்காவது கடிதத்தை இன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். படத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, பழைய டிவிடியில் அந்தக் காட்சி வரும் இடம் ஆகியவற்றைக் குறித்திருக்கிறேன். ஒரு மணி 42ஆவது நிமிடம், வலது ஓரம். வரும் ஐப்பசிக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் படங்களைக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கும் ஒருவன்,
மேற்கு சைதாப்பேட்டை, சென்னை.