'வைஃபை வரவில்லை' என்று கடைக்கு வருவதற்கு முன்னால்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். 'வைஃபை வரவில்லை' என்று எங்களிடம் வருகிற லேப்டாப்புகளில் பல, எங்கள் மேசையில் வைத்துத் திறந்ததுமே சமர்த்தாக நெட்டைப் பிடித்துக்கொள்கின்றன. கொண்டு வந்தவர் "நேத்து ராத்திரி பூரா வரவே இல்லைங்க" என்று சங்கடப்படுகிறார். அவர் சொல்வது பொய்யில்லை, கோளாறு லேப்டாப்பில் இல்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நெட்வொர்க் பெயர் எதுவுமே லேப்டாப்பில் தெரியவில்லையா, உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லையா, இல்லை கனெக்ட் ஆகியும் இன்டர்நெட் வரவில்லையா? மூன்றையும் நாம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு.

எதுவுமே தெரியவில்லை என்றால் ஏரோபிளேன் மோடு ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். கீபோர்டின் மேல்வரிசையில் விமானமோ ஆன்டெனாவோ வரைந்த கீ ஒன்று இருக்கும், துடைக்கும்போது கை பட்டாலே போதும். பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற அளவுக்கு ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. மூன்று நாள் வேலை கெட்டுப்போய் ஒருவர் எங்களிடம் வந்தார், பையில் வைக்கும்போது அந்த சுவிட்ச் நகர்ந்திருந்தது. தள்ளிவிட்டோம், விளக்கு எரிந்தது, அவர் சிரித்துவிட்டார். ஓஎஸ் (விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) புதிதாகப் போட்ட பிறகு இப்படி ஆனால், வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்ளாதீர்கள். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அலைவரிசைதான் காரணம். இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒலிபரப்பும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். பழைய லேப்டாப் சிலவற்றுக்கு 5 என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் ரவுட்டரை மாற்றிய மறுநாள் "லேப்டாப் கெட்டுப்போச்சு" என்று தோன்றும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குள்ளோ ஒளித்து வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்பதும் நியாயமில்லை. இன்னொன்று, யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்கை லேப்டாப்பில் மாட்டினால், அதிலிருந்து கிளம்புகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் குழப்பும். பேக்கப் எடுக்கும்போது மட்டும் நெட் படுத்தால் சந்தேகம் அதன் மேல் இருக்கட்டும், கொஞ்சம் நீளமான கேபிள் போட்டு டிஸ்கைத் தள்ளி வையுங்கள்.

பாஸ்வேர்டை ஏற்க மறுத்தால் கண் படத்தை அழுத்தி, அடித்த எழுத்துகளைப் பார்த்துவிடுங்கள். ரவுட்டர் ஸ்டிக்கரில் பூஜ்யமும் 'ஓ'வும் இரட்டைப் பிள்ளைகள். வீட்டில் யாராவது பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் லேப்டாப் பழையதையே பிடித்துத் தொங்கும், அந்தப் பெயரை 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

கனெக்ட் ஆகிறது, இன்டர்நெட் இல்லை என்றால் லேப்டாப்பைத் திட்டுவதற்கு முன் அதே வைஃபையில் போனைப் போட்டுப் பாருங்கள். போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான், அதை மறந்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்! போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப் நிரபராதி. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள், அப்போதும் வரவில்லை என்றால் நெட் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லையா? நெட்வொர்க் பிராப்பர்டீஸில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். வீட்டு ரவுட்டர் கொடுக்கும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று இருந்தால் ரவுட்டர் முகவரி எதுவும் கொடுக்கவில்லை, லேப்டாப் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம், தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், நெட் இருந்தும் பல தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும்.

கையோடு ரவுட்டர் செட்டிங்கில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பார்த்துவிடுங்கள். பழைய முறையான டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அந்தப் பூட்டின் ஓட்டை 2001-லேயே வெளியாகிவிட்டது.

இத்தனையும் பார்த்தும் வரவில்லை என்றால் தயங்காமல் கொண்டு வாருங்கள், உள்ளே ஆன்டெனா வயர் கழன்றிருக்கலாம், வைஃபை கார்டே போயிருக்கலாம். சார்ஜரை மறக்காதீர்கள். ரவுட்டரைக் கழற்றித் தூக்கி வர வேண்டாம், அதன் மாடல் எண்ணைப் போனில் படம் பிடித்து வந்தால் போதும், பக்கத்திலேயே இருக்கும் பாஸ்வேர்டை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு.