ஒரு கதைக்கு ஒரு வாரம் வேண்டும்: தொடக்கக் கல்விப் பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

தொடக்க வகுப்புப் பாடநூல்களில் தேவதைக் கதைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அவற்றை நடத்தப் போதிய நேரம் கொடுக்கவில்லை. ஒரே பாடவேளையில் கதையை வாசித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி, ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்ற வினாவோடு முடித்துவிட வேண்டியிருக்கிறது. அதற்குரிய ஒற்றை வரி விடையைக் கரும்பலகையைப் பார்த்து எழுதிவிடும் குழந்தைக்குக் கதை புரிந்ததா என்று ஆசிரியருக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே ஒரு கதைக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள் என்றும், அந்த வாரத்தில் வாசித்துப் புரிந்துகொள்ளும் உத்திகளைக் கற்பிக்க இடமளியுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

உத்திகளைப் பழக்குவதற்குத் தேவதைக் கதையைவிடப் பொருத்தமான பாடம் தொடக்க வகுப்பில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ரஷ்ய அறிஞர் விளாதிமிர் புரோப் 1928-இல் தம் நாட்டு மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றின் நிகழ்வுகள் 31 வகைகளுக்குள் அடங்குகின்றன என்றும், அவை பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன என்றும் காட்டினார். தடை விதிக்கப்படும், அது மீறப்படும், தீயவன் வருவான், துணை ஒன்று கிடைக்கும். ஏழு வயதுக் குழந்தைக்கு இந்த வரிசை காதுவழியே ஏற்கெனவே பழகியிருப்பதால், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கும் துணிவு அதற்குத் தானாக வருகிறது. அறிமுகமில்லாத அறிவியல் பத்தியில் அந்தத் துணிவு எளிதில் வருவதில்லை.

ஊகித்தல், வினா எழுப்புதல், ஐயம் தெளிதல், சுருக்கிச் சொல்லுதல் ஆகிய நான்கையும் ஆசிரியரும் மாணவரும் மாறிமாறிச் செய்யும் முறையை, அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்களான பாலின்சாரும் பிரவுனும் 1984-இல் வெளியிட்டனர். எழுத்துக்களைச் சரளமாகப் படித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அது நற்பயன் தந்தது. சிறு வகுப்புகளில் ஆசிரியர் உரக்க வாசிக்க, குழந்தைகள் வாய்மொழியாகவே இவற்றைச் செய்யலாம்.

நோயுற்ற பாட்டியைப் பார்க்கப் போகும் சிறுமியை முந்திச் சென்று, ஓநாய் பாட்டியை விழுங்கிவிட்டுக் காத்திருக்கும் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியக் கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர்களின் வடிவத்தில், பாட்டி வீட்டுக்கு வரும் சிறுமி கதவு திறந்து கிடப்பதைக் கண்டு வியக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, ‘உள்ளே யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்டால் வகுப்பே ‘ஓநாய்!’ என்று கூவும். கற்பித்தல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் வினா கேட்டபின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்பதையும், அது மூன்று நொடியானால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். அந்த மௌனத்துக்குப் பின் ஒரு குழந்தை, ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை, எழுந்து வந்து திறந்திருக்க மாட்டார்’ என்று சொல்லும்போது, சான்று காட்டி ஊகிப்பது எப்படி என்பதை மற்றக் குழந்தைகளும் கேட்டுக் கற்கின்றன.

அடுத்த நாள் இதே கதையின் பழைய வடிவத்தைச் சொல்லலாம். 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட வடிவத்தில் சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதை முடிகிறது. 1812-இல் வெளிவந்த கிரிம் வடிவத்தில் வேடன் வந்து மீட்கிறான். இரண்டையும் இரு பத்திகளாகப் பிரித்து ஒப்பிடும் குழந்தைகளிடம், ‘நீதி யாது?’ என்ற வினாவுக்கு ஒரே விடையை இனி எதிர்பார்க்க முடியாது. வார இறுதியில் புத்தகத்தைப் பாராமல் படங்களை வரிசைப்படுத்திக் கதையை மீட்டுச் சொல்ல வைப்பதும் அவசியம். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது, மீண்டும் மீண்டும் படிப்பதைவிட நெடுநாள் மனத்தில் நிற்கச் செய்கிறது.

இக்கதைகளில் வரும் கொடுமைகளைக் குறித்துப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. குறிப்பாக, மாற்றாந்தாயுடன் வாழும் குழந்தை வகுப்பில் இருக்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது. கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் கதையின் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் கொடியவளாக வருபவள் பெற்ற தாய். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். இதை ஆசிரியர் அறிந்திருந்தால், அந்தக் குழந்தை தலைகுனியாதபடி பேச்சை நடத்த முடியும். ஆசிரியர் கையேட்டில் இத்தகைய செய்திகள் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

அடுத்த திருத்தப் பதிப்பிலேனும் ஒவ்வொரு வகுப்புக்கும் கதைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு கதையையாவது இரு வடிவங்களில் அச்சிடுங்கள். எங்கே நிறுத்திக் கேட்கலாம் என்பதைக் கையேட்டில் குறியுங்கள். தேர்வில் நீதியைக் கேட்கும் வினாவை நீக்கி, ‘ஓநாய் பொய் சொல்கிறது என்பதை எந்த வரியிலிருந்து அறிந்தாய்?’ என்பது போன்ற வினாக்களைச் சேருங்கள். வாய்மொழியாகக் கதையை மீட்டுச் சொல்வதற்கும் மதிப்பெண் வழங்குங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்