காபிப் பொடியும் பற்பசையும்

காரைக்குடி

அன்பு மகனுக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. நேற்றிரவு நீ அனுப்பிய படத்தை அப்பச்சியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டர்ஃப் எனும் செயற்கைப் புல்தரையில் பந்தைத் தடுக்கச் சறுக்கியதில் முழங்கைக்குக் கீழே பாதி உள்ளங்கை அளவுக்குத் தோல் வழன்றிருக்கிறது. அது போதாதென்று அதன்மேல் பற்பசையை வேறு அப்பியிருக்கிறாய்.

இதை வெறும் சிராய்ப்பு என்று எண்ணாதே. வேகமாக உரசும்போது தோல் தேய்வதோடு, உரசலில் பிறக்கும் சூடு அதைச் சுடவும் செய்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், இரண்டாம் கட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும்போது, பாதி ஏறிய வாளியோடு நார்க்கயிறு கையை விட்டு நழுவியது. விட்டுவிட்டிருக்க வேண்டும், வந்ததும் வாளியைத் தொலைத்தவள் என்ற பெயர் வருமே என்று இறுகப் பிடித்தேன். கயிறு ஓடிய ஓட்டத்தில் இரண்டு விரல்களின் அடியில் தோல் சுருண்டு வந்துவிட்டது. நார்ச் சிலும்புகள் சதையில் குத்தி நின்றன. உன் அப்பத்தா பதறி ஓடிவந்து காபிப் பொடியை அள்ளி அமுக்கினார்கள். அன்போடுதான் செய்தார்கள். ஆனால் மறுநாள் அது பொருக்கோடு பொருக்காகக் காய்ந்து ஒட்டிக்கொள்ள, டாக்டரம்மா அதை நனைத்து நனைத்து எடுத்தபோதுதான், கயிறு ஓடியபோதுகூட வராத கண்ணீர் எனக்கு வந்தது.

இனி விழுந்தால், முதல் வேலையாகக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின்மேல் மெல்ல ஓடவிடு, ஐஸ் வைக்காதே. 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. இப்போது அந்த நேரம் கடந்துவிட்டபடியால், பற்பசையைத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல், மென்மையான சோப்பு போட்டுக் கழுவி எடு. டர்ஃபில் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் துகள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. தங்கினால் ஆறிய தோலில் கரும்புள்ளியாக நின்றுவிடும். கழுவியும் வராததைக் குத்திக் கிளறாமல் மருத்துவரிடம் விட்டுவிடு. பிறகு வாசலினை மெல்லிதாகத் தடவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடி, தினமும் மாற்று. காற்றுப் பட்டால்தான் ஆறும் என்று அப்பச்சி சொல்வார்கள். கேட்காதே, ஈரம் காத்து மூடிய காயமே சீக்கிரம் ஆறுகிறது. கொப்புளம் எழுந்தால் உடைக்காதே.

டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்துவிட்டதா என்று பார். மண் புகுந்த காயம் என்பதால் மருத்துவரைக் கேட்டுவிடு. சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே போ.

நாளைக் கட்டு மாற்றும்போது இன்னொரு படம் அனுப்பு. பகல் வெளிச்சத்தில் எடு; நேற்றைய படத்தில் புண் எது, பற்பசை எது என்றே பிரித்தறிய முடியவில்லை.

அன்புடன்,
ஆத்தா