சோஃபியா எழுதி வைத்தது

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாதம்தானே, பொங்கல் முடிந்த கையோடு வந்துவிடுகிறேன். ஓடியாடி வேலை செய்ய மட்டும் என்னை நம்பாதே, முழங்கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி நாளாகிறது. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை.

சரி, வாசகர் வட்டத்தில் டால்ஸ்டாய் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், குறிப்பு ஏதாவது அனுப்பு என்று கேட்டிருந்தாய். கேட்ட நேரத்தைப் பார், நான் இரண்டு மாதமாக அவர் மனைவி சோஃபியாவின் தன்வரலாற்றில்தான் கிடக்கிறேன். ‘என் வாழ்க்கை’ என்று பெயர். 1904இல் எழுத ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் முழுசாக வந்தது 2010இல், அதாவது டால்ஸ்டாய் இறந்து நூறு வருஷம் கழித்து. ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிறது. படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு வலிக்கிறது, கனத்தைச் சொல்கிறேன்.

1862 செப்டம்பரில் கல்யாணம். அவளுக்கு 18 வயது, அவருக்கு 34. மாஸ்கோவில் ஒரு மருத்துவர் வீட்டுப் பெண். பெண் கேட்டு ஒரே வாரத்தில் மணமேடை. அந்த வாரத்துக்குள் தன் பழைய டயரிகளை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சூதாட்டம், விலைமாதர், அதனால் வந்த நோய், கடைசியாகத் தன் பண்ணையிலேயே இருந்த அக்ஸின்யா என்ற குடியானவப் பெண்ணோடு இருந்த உறவு. அந்தப் பெண்ணுக்கு அவர் மூலம் ஒரு மகனும் உண்டு. மனைவியாக வரப்போகிறவளிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. சோஃபியா அழுதுகொண்டே படித்தாள். கல்யாணமாகி அவர் பண்ணை இருந்த யாஸ்னயா போல்யானாவுக்கு வந்து சேர்ந்தால், அதே அக்ஸின்யா வீட்டுத் தரையைக் கழுவ வருகிறாள்!

நம் பக்கத்து மாப்பிள்ளைகள் மூடி மறைப்பார்கள், இவர் சொல்லிவிட்டாரே, அது மேல் இல்லையா என்று நீ கேட்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னதும் அவருக்குப் பாரம் இறங்கிவிட்டது. அது ஏறி உட்கார்ந்தது நாள் குறித்துவிட்ட ஒரு சின்னப் பெண்ணின் தலையில். அவருடைய ‘அன்னா கரீனினா’ நாவலில் லெவினும் கிட்டியிடம் டயரியைக் கொடுப்பான், ஞாபகமிருக்கிறதா? கிட்டி அழுவாள், மன்னிப்பாள், கதை மேலே போகும். கிட்டத்தட்ட அறுபது வயதில் எழுத உட்கார்ந்த சோஃபியாவால் அந்த வாரத்தைத் தாண்ட முடியவில்லை. வாழ்க்கை முழுக்க அவர் இதையே செய்தார் என்று எனக்குப் படுகிறது. மனதில் பட்டதையெல்லாம் உண்மை என்ற பெயரில் எழுதுவார். அவள் அதைப் படிப்பாள். அப்புறம் அவள் பதிலை அவளுடைய டயரியில் எழுதுவாள், அவர் அதைப் படிப்பார். அந்த வீட்டில் பாதிச் சண்டை காகிதத்திலேயே நடந்திருக்கிறது.

கை நீட்டினாரா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. அவள் தங்கை தான்யா தன் நினைவுகளில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறாள். சோஃபியா கர்ப்பமாக இருக்கிறாள். தரையில் உட்கார்ந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளே வந்தவர் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறாய், எழுந்திரு என்கிறார். இதோ, முடித்துவிட்டு என்கிறாள். உடனே காப்பித் தட்டை எடுத்துத் தரையில் அடித்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த, காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரைப் பிடுங்கி எறிந்தார். இத்தனைக்கும் அது ‘போரும் அமைதியும்’ எழுதிக்கொண்டிருந்த காலம். கிறுக்கலும் அடித்தலுமாக இருந்த பக்கங்களைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு திரும்பத் திரும்ப நகல் எடுத்துக் கொடுத்ததும் அதே சோஃபியாதான்.

பதின்மூன்று பிள்ளை பெற்றாள், எட்டுதான் பெரியதாக வளர்ந்தன. முதல் பிரசவத்தில் மார்பில் புண் வந்து துடித்தபோதும் பால் கொடுக்க ஆள் வைக்கக்கூடாது என்று நின்றார். 1884இல் சண்டை போட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறேன் என்று கிளம்பினார். அன்று அவள் நிறைமாதம். பாதி வழியில் மனசு கேட்காமல் திரும்பி வந்தார், விடிகிற நேரத்தில் அலெக்ஸாந்த்ரா பிறந்தாள்.

பிறகு அந்தக் ‘க்ரூட்சர் சொனாட்டா’. பொறாமையில் மனைவியைக் கொன்ற கணவன், தாம்பத்தியமே அசிங்கம், பிரம்மச்சரியம்தான் வழி என்று பேசுகிற கதை. அதை எழுதிக்கொண்டிருந்தபோதே, 1888இல், இவளுக்குக் கடைசிப் பிள்ளை வான்யா பிறக்கிறான், வயது 43. ஊரே இவளைப் பார்த்துத்தான் எழுதினார் என்று பேசியது, ஜார் மன்னர் உட்பட. இவள் என்ன செய்தாள் தெரியுமா? கதை தடை செய்யப்பட்டிருந்தது. 1891இல் பீட்டர்ஸ்பர்க் போய் மன்னரையே பார்த்து, அதை வெளியிட அனுமதி வாங்கி வந்தாள்! வீட்டில் வருமானம் வேண்டும், அது ஒரு காரணம். இது என்னைப் பற்றியதாக இருந்தால் நானே வந்து கேட்பேனா என்று ஊருக்குக் காட்டுவது இன்னொன்று. அப்புறம் உட்கார்ந்து மனைவியின் பக்கத்திலிருந்து பதில் கதையே எழுதினாள், ‘யார் குற்றம்?’ என்று. அது அச்சில் வர 1994 ஆயிற்று.

சொத்து வேண்டாம், பதிப்புரிமை வேண்டாம் என்று அவர் துறந்தார். துறந்ததையெல்லாம் இவள் சுமந்தாள். பண்ணைக் கணக்கு, பிள்ளைகள் படிப்பு, புத்தகம் அச்சிடுவது, எல்லாம். பதிப்பு வேலை எப்படி என்று தாஸ்தயெவ்ஸ்கியின் மனைவியிடம் போய்க் கேட்டுவந்து நடத்தினாள். பிறகு பணத்தாசை பிடித்தவள் என்ற பெயரும் இவளுக்கே. நம்மூரில் காந்தியைப் படித்தவர்களுக்கு டால்ஸ்டாய் என்றால் அகிம்சை. 1910இல் அவர் காந்திக்கு அன்பின் சட்டத்தைப் பற்றி நீண்ட கடிதம் எழுதிய அதே மாதங்களில், ரகசிய உயில், டயரி யாரிடம் இருப்பது என்று அந்தக் குடும்பத்தில் போர் நடந்துகொண்டிருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷங்களில் இவளும் லேசுப்பட்டவள் இல்லை. மேஜையைக் குடைந்தாள், ஒட்டுக் கேட்டாள், சாகிறேன் சாகிறேன் என்று மிரட்டினாள். தன்வரலாறு 1901உடன் நின்றுவிடுகிறது, இதெல்லாம் டயரிகளில்தான் இருக்கிறது. 1910 அக்டோபரில் 82 வயதில் அவர் வீட்டை விட்டு விடியுமுன் கிளம்பிப் போனார், அஸ்தபோவோ ரயில் நிலையத்தில் படுத்த படுக்கையானார். இவள் தனி ரயில் பிடித்து ஓடினாள். நினைவு தப்பிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். அவள் செய்ததையெல்லாம் கணக்கில் வைத்தாலும், 48 வருஷம் குடித்தனம் நடத்தியவளை வாசலில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் இது புகார்ப் புத்தகம் இல்லை. பாதிப் பக்கங்களில் அவர் எழுத்தைக் கொண்டாடுகிறாள். அதுதான் எனக்கு எரிச்சல். கோபப்படேன் அம்மா என்று இரண்டு இடத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன், இவர் பயந்து ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவருடைய ‘இவான் இலியிச்’ கதையை இனிப் படிக்க மாட்டாயா என்று கேட்காதே, போன வாரம்கூடப் படித்தேன், அதே மாதிரி உலுக்கியது. மேதை என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று உன் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வார், எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. அவரிடம் பாரோமீட்டர் கதையைச் சொல். எறிய ஒரு மேதை எதற்கு?

புத்தகத்தைக் கூரியரில் போடுகிறேன், பென்சிலில் கோடு போட்டிருப்பேன், திட்டாதே. பேச்சு எந்தத் தேதி என்று போனில் சொல், அதற்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்ப வேண்டும்.

உன்,
கமலா