ஆத்தங்குடிக்கு ஓர் அவசரக் கடிதம்

காரைக்குடி
ஐப்பசி 9

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் நேற்று வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற இடத்தை உமையாள் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எனக்கோ, கடைசிப் பக்கத்தில் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரியால் இரவெல்லாம் உறக்கமில்லை. ஆர்டர்களைத் திரட்டித் தருகிறேன் என்ற ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் உன் மகன் பட்டறையின் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டானாமே! உடனே மாற்றச் சொல்.

இங்கே நாங்கள் பட்டுவிட்டோம். மீனாள் கண்டாங்கிச் சேலை விற்கும் இன்ஸ்டாகிராம் பக்கம் உனக்குத் தெரியும். பின்தொடர்வதை விட்டவர்கள் யாரென்று காட்டுவதாகச் சொன்ன ஒரு தளத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பக்கம் அவள் கையில் இல்லை. அவள் பெயரிலேயே வாடிக்கையாளர்களிடம் முன்பணம் கேட்டிருக்கிறார்கள். ஓர் ஆசிரியை நாலாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். அந்தப் பணத்தை மீனாள் தன் கையிலிருந்து கொடுத்தாள்.

முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள நம் வளவு வீடுகளில் ஒவ்வொரு பங்காளிக்கும் இரட்டை வீடு என்று இரண்டு அறை, அதற்குத் தனிப் பூட்டு. ‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்பதும் அப்படித்தான். கடவுச்சொல்லைக் கூகுளின் பக்கத்தில் மட்டுமே தருகிறோம். தளத்துக்கு நாம் சம்மதித்த அளவு அனுமதிதான் போகிறது, வேண்டாதபோது ரத்து செய்யலாம். கடவுச்சொல்லையே கொடுப்பது வாசல் சாவியைக் கொடுப்பது. ஒழுங்கான தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை, திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் வைக்கின்றன. ஆர்டர் திரட்டும் அந்தத் தளமோ உன் மகனைப் போலவே மீண்டும் மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். ஆகவே படிக்கக்கூடிய வடிவில் வைத்தே ஆக வேண்டும். நடத்துபவர் நல்லவராகவே இருக்கட்டும், அவரிடமிருந்து திருடு போனால்? மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அந்த மின்னஞ்சலுக்குத்தானே வரும்?

மாற்றியதும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் சொல். மின்னஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்று அமைப்புகளில் பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் மாற்றட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடட்டும்.

அவனைத் திட்டாதே. நான் திட்டுவேன் என்று பயந்து மீனாள் இரண்டு நாள் மறைத்தாள். அந்த இரண்டு நாளில்தான் ஆசிரியையின் பணம் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அங்கு வருகிறேன், மீனாளும் வருகிறாள். அவனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அண்ணாமலை